மூன்றாம் கியருக்கு முன் ஒரு நொடி

கொண்டலாம்பட்டி பைபாஸில்
டயர்க் கடைக்கும் எடைமேடைக்கும் நடுவே
தஸ்தகீரின் ஷெட்.
இன்ஜினை அணைக்காதீங்க என்கிறார்.
குச்சியை உருவி, துடைத்து, உள்ளே விட்டு
மறுபடி உருவி மூக்கருகே கொண்டுபோகிறார்.
என் காலை எந்த டாக்டரும்
இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

சிவப்பாய் இருக்க வேண்டிய எண்ணெய்,
முதல் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கிறது.
"கருகின வாடை, சொர்ணமேரி அக்கா.
கல்லுல மறந்துபோன வெங்காயம் மாதிரி."

எத்தனை நாள் வரும்?

அவர் மீட்டரைப் பார்க்கிறார்.
இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூற்றுப் பதினாறில்
அது என்றோ நின்றுவிட்டது.
அதற்குமேல் ஓடியது வண்டிக்கே தெரியாது.

சுரங்கக் கம்பெனி ஏலத்தில் எடுத்தேன் இதை.
அன்றைக்கு வந்த ஆண்கள் எல்லாம்
கதவைத் திறந்து குனிந்து
மூன்றாவது மிதியைத் தேடினார்கள்.
கிளட்ச் எங்கடா என்று சிரித்தார்கள்.
நான் தேடவில்லை.
மூன்று வயதில் வந்த காய்ச்சல் திரும்பிப் போகும்போது
இடது காலின் வேலையையும் கையோடு எடுத்துப் போயிருந்தது.
இரண்டு மிதி, ஒரு கால்.
கணக்கு சரியாக இருந்த முதல் வண்டி.

நாகலூரிலிருந்து மிளகும் காப்பியும் இறக்கி
லீ பஜாரிலிருந்து உரமும் அரிசியும் ஏற்றி
வாரத்துக்கு இரண்டு நடை.
ஏற இருபது வளைவு, இறங்க இருபது.
வருஷத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம்.
பதினோரு வருஷம்.
பெருக்கப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"எண்ணெயை மொத்தமா மாத்திடலாமா?"

தஸ்தகீர் உடனே பதில் சொல்லவில்லை.
பெட்டிக்குள் தட்டுகள் தேய்ந்திருக்கும்.
தேய்ந்த தூள் எண்ணெயில் கலந்திருக்கும்.
இப்போது வழுக்காமல் பிடிப்பது
அந்தத் தூளாகவும் இருக்கலாம்.
"புது எண்ணெய் விட்டா சுத்தமாயிடும்.
சுத்தமானா நின்னுடவும் கூடும்."
மாற்றாவிட்டால்?
"அப்பவும் நிக்கும்க்கா. எப்பன்னுதான்."

சேலத்தில் இதற்குப் பாகம் கிடையாது.
கோவையில் கைபார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்தார்.
கத்தாருக்குப் போய்விட்டார்.

கடைசியில் அடித்தட்டை மட்டும் கழற்றினார்.
மூன்றில் ஒரு பங்கு பழசு வெளியே,
அதே அளவு புதுசு உள்ளே.
தட்டின் மூலையில் ஒரு காந்தம்,
அதன்மேல் கரும்பூச்சு.
விரலிடுக்கில் தேய்த்துக் காட்டினார்:
மையாய் இருந்தால் தேய்மானம்,
துண்டாய் இருந்தால் முடிந்தது.
"பாருங்க, மைதான்."

மைதான்.
ஆனால் அதற்குள் ஒரு மினுக்கு.
அதைக் கட்டைவிரல் நகத்தால் ஒதுக்கி
துடைக்கிற துணிக்குள் மடித்துக்கொண்டார்.
நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.
கூலியில் இருநூறு குறைத்தபோது
நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அடிவாரச் செக்போஸ்டில் வழக்கமான குரங்கு.
ஒன்று, இரண்டு, ஐந்து. நன்றாகத்தான் ஏறுகிறது.
ஒன்பதில் மூடுபனி, பத்தில் வெயில்.
பன்னிரண்டு மூட்டை உரம் முதுகில்.

பதினான்காம் வளைவு திரும்பிய நேர்ச்சாலையில்
இரண்டை விட்டு மூன்றைத் தேடுகிறது.
இரண்டு போய்விட்டது, மூன்று வரவில்லை.
இன்ஜின் மட்டும் கத்துகிறது,
சக்கரத்துக்குச் சேதி போகவில்லை.
பின்னால் அரசுப் பேருந்தின் ஹாரன்.

இந்த இடம் எனக்குத் தெரியும்.
எழ நினைப்பதற்கும் எழுந்து நிற்பதற்கும் நடுவே
ஐம்பது வருஷமாய்க் குடியிருக்கிறேன் இங்கே.
அவசரப்படுத்தினால் விழத்தான் வேண்டும்.

மிதியிலிருந்து வலது காலை
ஒரு மயிரிழை தளர்த்துகிறேன்.

டக்.

பிடித்துக்கொண்டது.
பேருந்துக்கு வழிவிட்டுக் கைகாட்டுகிறேன்.
இன்னும் ஆறு.